பதினெட்டாம் நம்பர் டோக்கன்

பெண்டாட்டியை மலையில் மறந்துவிட்டு வந்தவன் என்று எங்கள் நடைக் குழுவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. நேரில் யாரும் சொல்லமாட்டார்கள். நான் ஏரிக்கரையில் போய் நின்றதும் பேச்சு சட்டென்று வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் மாறும். மாறட்டும். அவர்கள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லையே. ஒரு பங்குனி மாதத்துச் சனிக்கிழமை, வேனில் ஏறி, சீட்டில் சாய்ந்து, அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தவன்தான் நான். அவள் மலையில் இருந்தாள்.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு முப்பத்து நாலு வருஷ வேலை. அத்தனை வருஷமும் குவார்ட்டர்ஸ் வாசம். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து அயனம்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தோம். லிஃப்ட் இருக்கிறது, ஓடுவதும் ஓடாததும் அதன் இஷ்டம். எங்களைப் போல வேலையை முடித்துவிட்டு வந்த பத்துப் பதினோரு குடும்பங்கள் நூம்பல் வரைக்கும் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. காலையில் ஏரிக்கரையில் சேர்ந்து நடப்போம். ஆளுக்கு ஒரு முட்டி வலி, ஆளுக்கு ஒரு மாத்திரை டப்பா. எங்களை ஒன்றுசேர்த்தவர் என் செக்‌ஷனில் ஃபோர்மேனாக இருந்தவர். அவர் ரிட்டயர் ஆகி ஐந்து வருஷம் ஆயிற்று, அவருக்குள் இருக்கும் ஃபோர்மேன் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. இரண்டு நிமிஷம் தாமதமாகப் போனால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

மலைக்குப் போகலாம் என்று கிளப்பியதும் அவர்தான். "ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திரா பார்டர்ல. சின்ன மலை. மேல ஒரு சுனை இருக்கு. ஏறி இறங்க நம்ம ஏரிக்கரை பத்து ரவுண்டு, அவ்ளோதான்யா" என்றார். கணக்கில் கெட்டிக்காரர். ஏரிக்கரை படுத்துக் கிடக்கிறது, மலை நின்றுகொண்டிருக்கிறது என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

எனக்குப் போக விருப்பமில்லை. அலுப்பு. முப்பத்து நாலு வருஷம் சைரனுக்கு எழுந்தவனுக்கு, எழுந்திருக்காமல் இருப்பதுதான் உல்லாசப் பயணம். அவள்தான் போகலாம் என்றாள். "ஒரு நாளாச்சும் அடுப்பு மூஞ்சில முழிக்காம வெளில போய்ட்டு வரலாமே" என்றாள். வாயைத் திறந்து அவள் ஒன்று கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. சரி என்றேன்.

மறுநாளே ஃபோர்மேன் வாட்ஸ்அப்பில் சாப்பாட்டை வீட்டுக்கு வீடு பிரித்துப் போட்டார். எங்கள் வீட்டின் மேல் விழுந்தது இருபத்திரண்டு பேருக்குப் புளிசாதம். நான் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய்ப் புளி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். சனிக்கிழமை விடியுமுன்பே அடுக்களையில் தாளிக்கும் சத்தம் கேட்டது. நான் புரண்டு படுத்துக்கொண்டேன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் நாட்களில் கேட்ட அதே சத்தம்தான், அதனால் எனக்கு அது தாலாட்டு.

டோக்கனைப் பற்றிச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். எங்கள் செக்‌ஷன் வாசலில் ஒரு பலகை இருந்தது. ஆளுக்கு ஒரு ஆணி, ஆணிக்கு ஒரு நம்பர், அந்த நம்பர் போட்ட தகடுதான் டோக்கன். காலையில் உள்ளே போகும்போது உன் டோக்கனை எடுத்துக்கொள். சாயங்காலம் வெளியே வரும்போது மாட்டிவிட்டுப் போ. ஒரு ஆணி காலியாக இருந்தால் உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம், ஃபோர்மேன் கதவைப் பூட்டமாட்டார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மனுஷப் பிறவி சோம்பேறி ஆயிற்றே. சைரன் ஊதும் நேரத்தில் ஒருத்தன் கை கழுவிக்கொண்டிருப்பான். "மச்சான், என்னோடதையும் சேத்து மாட்டிடு" என்று டோக்கனைத் தூக்கிப் போடுவான். நாமும் மாட்டுவோம். இதோ பின்னாலேயே வரப்போகிறான், இதில் என்ன கெட்டுப்போயிற்று? இப்படி நான் மாட்டிய டோக்கன்கள் எத்தனையோ. எல்லாரும் வெளியே வந்தார்கள். ஒருத்தனும் உள்ளே சிக்கிக்கொள்ளவில்லை.

அந்தப் பலகையை ஃபோர்மேன் மலைக்கும் கொண்டுவந்துவிட்டார். அதே பலகை அல்ல. வீட்டில் ஒரு பிளைவுட் துண்டில் இருபத்திரண்டு ஆணி அடித்து, அலுமினியத் தகட்டை வட்ட வட்டமாக வெட்டி, நம்பர் பஞ்ச் வைத்துத் தட்டி, ஓட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தார். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு வேறு என்ன வேலை? ஆண்களுக்கு ஒரு வேன், பெண்களுக்கு ஒரு வேன். மலையடிவாரத்தில் எங்கள் வேனின் பின்கதவில் பலகையைத் தொங்கவிட்டார். "எல்லா டோக்கனும் ஆணிக்குத் திரும்பினாத்தான் வண்டி கிளம்பணும்" என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

எங்கள் டிரைவர் குமணன்சாவடிக்காரர், நாற்பது வயது இருக்கும். "தலைய எண்ணிக்கினா பத்தாதா சார்? இதுக்கு இன்னாத்துக்குத் தகடு?" என்றார்.

"தலைய எண்ணினா தப்பும். டோக்கன் பொய் சொல்லாது."

எனக்குப் பதினேழு, அவளுக்குப் பதினெட்டு. இரண்டையும் நானே வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். "நீ எங்கயாவது தொலைச்சிடுவ" என்றேன். அவள் கையை மடக்கிக்கொண்டாள். இதெல்லாம் அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

மலை அழகாகத்தான் இருந்தது, குறை சொல்லக்கூடாது. புங்கமரங்கள் அப்போதுதான் துளிர்த்து, வெயில் பட்ட இடமெல்லாம் பளபளவென்றிருந்தன. ஒரு திருப்பத்தில் புரசமரம் ஒன்று இலையே இல்லாமல் முழுக்கச் செக்கச்செவேலென்று பூத்து நின்றது. அவள் அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். "ஒரு போட்டோ எடுங்களேன்" என்றாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தேன். "இறங்கறப்போ எடுத்துக்கலாம்" என்றேன். தன் போனில் அவளே எடுத்திருக்கலாம்தான். ஆனால் அது எங்கள் வேனில், டிரைவருக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. அங்கே போடச் சொன்னதும் நான்தான்.

பத்து ரவுண்டு என்று ஃபோர்மேன் சொன்னது பாதி மலையிலேயே தீர்ந்துபோனது. தண்ணீரும் அந்தக் கணக்குக்குத்தான் கொண்டுவந்திருந்தோம், அதுவும் தீர்ந்துகொண்டே வந்தது. சுனையில் தண்ணீர் இருந்தது, ஆனால் குடிக்கிற மாதிரி இல்லை, பாசி. கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். எல்லாரும் பிரமாதம் பிரமாதம் என்றார்கள். அவளுக்கு அடிச்சட்டியில் ஒரு கைப்பிடிதான் மிஞ்சியது. சாப்பிட்டு முடித்ததும் கைப்பையைத் திறந்து, "மாத்திரையப் போட்டுக்கோங்க" என்றாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் போட்டுக்கொள்ளும் சர்க்கரை மாத்திரை. நான் யாரிடமோ என்னவோ அளந்துகொண்டிருந்தேன். "அப்புறம்" என்று கையை அசைத்தேன்.

இறங்கும்போதுதான் முட்டிகள் உண்மையைப் பேச ஆரம்பித்தன. பாதி வழியில் அவள் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "நீங்க போங்க, நான் கொஞ்சம் உக்காந்துட்டுப் பின்னாலயே வரேன்" என்றாள். நான் போனேன். ஒரு வார்த்தை, 'நானும் உட்காருகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். தோன்றவே இல்லை, சத்தியமாகத் தோன்றவில்லை. என் கால்கள் வேனைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன, நான் அவற்றின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

அடிவாரத்தில் ஃபோர்மேன் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சட்டைப் பையில் கையை விட்டேன். இரண்டு தகடும் கையோடு வந்தன. பதினேழை மாட்டினேன். பதினெட்டையும் மாட்டினேன். இதோ பின்னாலேயே வரப்போகிறாள், இதில் என்ன கெட்டுப்போயிற்று? அப்படி நினைத்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது. கை பழக்கத்தில் மாட்டியது. வேனில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஃபோர்மேன் பலகையைப் பார்த்தார். இருபத்திரண்டு ஆணியும் நிறைந்திருந்தது. பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு விசில் ஊதினார். இரண்டு வேனும் கிளம்பின. பெண்கள், அவள் புருஷனோடு எங்கள் வண்டியில் ஏறிவிட்டாள் என்று நினைத்தார்கள். நான் எதையும் நினைக்கவில்லை. தூங்கிவிட்டேன்.

ஊத்துக்கோட்டையில் ஒரு டீக்கடை வாசலில் வண்டிகள் நின்றன. கண் விழித்ததும் மாத்திரை ஞாபகம் வந்தது. இறங்கிப் பெண்கள் வேனிடம் போய், உள்ளே பார்க்காமலேயே ஜன்னலுக்குள் கையை நீட்டி, "இந்தா, மாத்திரைய எடு" என்றேன்.

கையில் ஒன்றும் விழவில்லை.

ஃபோர்மேனின் மனைவி எட்டிப் பார்த்தார். "அண்ணா, அக்கா உங்க வண்டில இல்லையா?"

"எங்க வண்டிலயா?"

அந்த அம்மாவின் முகம் மாறிய விதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.  போனை எடுத்து அவள் நம்பரை அழுத்தினேன். எங்கள் வேனுக்குள்ளிருந்து, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலிருந்து, அவள் போன் அடித்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதை நிறுத்தக்கூடத் தெரியாமல் நின்றேன்.

ஃபோர்மேன் ஓடிப்போய்ப் பலகையை வெளியே எடுத்தார். பதினெட்டாம் ஆணியைத் தொட்டுப் பார்த்தார். "இருக்கே" என்றார். டோக்கன் இருந்தது. அவருடைய வாய் திறந்தபடியே இருந்தது. "யார் மாட்டினது இத?"

"நாந்தான்."

அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் பதினெட்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மற்றவர்களை டீக்கடையிலேயே விட்டுவிட்டு, டிரைவரும் நானும் மட்டும் வண்டியைத் திருப்பினோம்.

அந்த அரைமணி நேரத்தைப் பற்றி என்ன சொல்ல? பயந்தேன். நன்றாகப் பயந்தேன். வெயிலில் மயங்கி விழுந்திருப்பாளோ, சுனைப் பக்கம் குடிக்க வருகிறவன்கள் எவனாவது இருப்பானோ, வழி தெரியாமல் வேறு பக்கம் இறங்கியிருப்பாளோ என்று ஒவ்வொன்றாக வந்தது. இன்னொன்றும் வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால், பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "எனக்கு அலுத்துப்போச்சுங்க" என்றாள். எது என்று கேட்டேன். "எல்லாந்தான்" என்றாள். பாத்திரம் தேய்க்க ஆள் வைக்கச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினேன். அந்த 'எல்லாந்தான்' இப்போது வண்டிக்குள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது.

டிரைவர் வண்டியை விரட்டினார். பிறகு, "அம்மாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காது சார். அங்கதான் குந்திகினு இருப்பாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா சார், தப்பா நெனைக்காத. பஸ்ல பைய வுட்டுட்டு எறங்குனாக்கூட நாலு ஸ்டாப்புல தெரிஞ்சிடும்" என்றார். தப்பாக நினைக்க அதில் என்ன இருக்கிறது.

அடிவாரத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. டிரைவர் வாயில் கைவைத்து, "அம்மா! அம்மோவ்!" என்று கூவினார். அவருக்குக் கூப்பிட ஒரு சொல் இருந்தது. எனக்கு? இரண்டு அறை குவார்ட்டர்ஸில் 'ஏய்', 'இங்க பாரு', 'இந்தா' போதுமாக இருந்தது. ஒரு மலையைப் பார்த்து 'இந்தா' என்று எப்படிக் கத்துவது? கடைசியில், செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் தட்டும்போது சொல்வதையே சொன்னேன்.

"நாந்தான்! நாந்தான் வந்திருக்கேன்!"

மேலேயிருந்து, அவசரமே இல்லாமல், அவள் குரல் வந்தது. "தெரியுது. மேல வாங்க."

உயிர் வந்தது. அழுகையும் வந்தது, டிரைவர் பார்க்கிறார் என்று மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு கோபம் வந்தது. இதுதான் என் புத்தி. "நீ இறங்கி வாயேன், எனக்கு முட்டி வலிக்குது" என்று கத்தினேன்.

"எனக்குந்தான்."

ஏறினேன். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். விட்டுவிட்டுப் போன இடத்துக்குக் கொஞ்சம் கீழே, வழி திரும்பும் இடத்தில், ஒரு தட்டைப் பாறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்தாள். அழுத முகமாக இல்லை. அங்கிருந்து பார்த்தால் அடிவாரம் முழுக்கத் தெரிந்தது. எங்கள் வெள்ளை வேன், அதில் சாய்ந்து நின்ற டிரைவர், அவர் கையிலிருந்த சிகரெட் வரைக்கும் தெரிந்தது.

"இங்கிருந்து எல்லாம் தெரியுதே" என்றேன், பேச வேறு ஒன்றும் இல்லாமல்.

"ஆமா. நீங்க பலகைகிட்ட போனதப் பாத்தேன். கை ரெண்டு தடவ மேல போச்சு."

சட்டைப் பையிலிருந்த தகட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

"நீ கத்தியிருந்தா கேட்டிருக்குமே."

"கேட்டிருக்கும். கத்தறதுக்கு வாயத் தொறந்தேன். அப்புறம், சரி, பாக்கலாம்னு விட்டுட்டேன்."

"என்னத்தப் பாக்கலாம்னு?"

அவள் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "எது வரைக்கும் போனீங்க?" என்றாள்.

"கொஞ்ச தூரந்தான். உடனே திருப்பிட்டேன்."

கையில் கட்டியிருந்த கடிகாரத்தைத் திருப்பி என்னிடம் காட்டினாள். பழைய கடிகாரம், நான் இருபத்தைந்து வருஷம் முடித்ததற்குத் தொழிற்சாலையில் கொடுத்தது. "ஒரு மணி இருபது நிமிஷம்" என்றாள். "எது வரைக்கும்?"

"ஊத்துக்கோட்டை."

"எப்படி ஞாபகம் வந்துச்சு?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பக்கத்து சீட் காலியாக இருந்தது, மனசு என்னவோ செய்தது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவளும் நம்பாமலேயே ஏற்றுக்கொண்டிருப்பாள், அப்படி ஏற்றுக்கொண்டவை நிறைய. ஆனால் பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே. களைத்துப் போயிருந்தேன்.

"மாத்திரை" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கைப்பையைத் திறந்து, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, என் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தாங்க."

பக்கத்தில் பாட்டில் கிடந்தது. எடுத்தேன். காலி.

"தண்ணி?"

"குடிச்சிட்டேன்."

"முழுசுமா?"

"முழுசும். சாப்பாட்டுலேருந்து நீங்க மாத்திரை போட்டுக்கணும்னு அரை பாட்டில் தொடாம வெச்சிருந்தேன். தலைய சுத்துச்சு, அப்பவும் குடிக்கல. வண்டி கிளம்பிப் போச்சு. அந்த வளைவு தாண்டி மறையற வரைக்கும் பாத்தேன். அப்புறம் எடுத்துக் குடிச்சேன்." பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூடிக்கொண்டே சொன்னாள்: "நல்லா இருந்துச்சு."

நான் மாத்திரையை வெறும் வாயில் போட்டு விழுங்கினேன். அது பாதி வழியில் நின்றுகொண்டது. எச்சில் கூட்டிக் கூட்டி விழுங்கியும் இறங்கவில்லை. வாயெல்லாம் கசந்தது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். என் முன்னால் வந்து நின்று உள்ளங்கையை நீட்டினாள், காலையில் நீட்டிய அதே மாதிரி. என்ன கேட்கிறாள் என்று இந்த முறை எனக்குத் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து பதினெட்டை எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் முன்னால் இறங்கினாள், நான் பின்னால் இறங்கினேன். வேனில் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டி, "குடிம்மா, பயந்துட்டியா?" என்று கேட்டார். "இல்லப்பா, கால்தான் வலி" என்றாள். ஊத்துக்கோட்டை வரைக்கும் இரண்டு பேரும் அவர் வீட்டுக் கதையை, அவர் சம்சாரத்தின் தையல் மிஷினைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் பின்னால், காலி சீட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தகடு இப்போது என் மாத்திரை டப்பாவில் கிடக்கிறது. அவள்தான் போட்டாள். மாத்திரையை நானேதான் எடுத்துக்கொள்கிறேன், வேளைக்கு வேளை அதை ஒதுக்கிவிட்டுத்தான் எடுக்கவேண்டியிருக்கிறது. காலையில் ஏரிக்கரையில் அவள் என்னோடு நடந்தால் நடப்பாள், இல்லையென்றால் முன்னால் போய்விடுவாள். நான் கேட்பதில்லை. ஃபோர்மேனுக்குத்தான் பொறுக்கவில்லை. அடுத்த மலைக்குப் பலகையைத் தயார் செய்கிறார், அதில் ஒரு ஆணி மட்டும் காலியாக இருப்பது அவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. போன வாரமும் கேட்டார். "என்னம்மா, பதினெட்டு இன்னும் வந்து சேரலயே?"

அவள் நடையை நிறுத்தவில்லை.

"நான் இன்னும் இறங்கலண்ணே" என்றாள்.